உரியவர்கள் வந்து அழைத்துச் செல்லவும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னுடைய குற்றத்தை, அதில் சம்பந்தமே இல்லாத ஒரு மனிதரின் தலையில் தூக்கிப் போட்டேன். அவர் எதிரே நின்றுகொண்டிருக்கும்போதே, குரல் நடுங்காமல் பொய் சொன்னேன். நான் படித்த எம்.ஏ. அன்றைக்கு எனக்கு ஒரு வகையில் உதவியது. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

அந்த மனிதருக்கு ஊர் வைத்த பெயர் ஓல்டான். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் திருவண்ணாமலையில் கடை வைத்திருந்தவர்களில், அவரால் ஒருமுறையாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காராதவர் ஒருவர்கூட இல்லை. மலைமேல் தீபம் ஏற்றுவதற்கு முன்பே எங்கள் வியாபாரிகளின் கண்களில் நெருப்பு தெரிந்துவிடும். அதை ஏற்றியவர் ஓல்டான்.

அதற்கு முன்பு அவர் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். போளூர் வழியாக வேலூர் போகிற வண்டி. ஒரு பெரியவர் படியில் தடுமாறி விழப்போனதை ஒருநாள் பார்த்திருக்கிறார். மறுநாளிலிருந்து, வண்டி கிளம்புமுன் பயணிகள் எல்லோரும் ஒருமுறை இறங்கிக் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்.

"எறங்கத் தெரியாதவன் இன்னா தைரியத்துல ஏறுற? எறங்கு. எறங்கிக் காட்டு. ரைட்!"

வலது காலுக்குப் பதில் இடது காலை வைத்தால் விசில் பறக்கும், கூடவே கண்டக்டர்கள் வண்டியை நிறுத்தச் சொல்லும் அந்த 'ஹோல்ட் ஆன்'. "ஓல்டான்! மறுபடி!"

வண்டி ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை. விஷயம் என்னவென்று பார்க்க முதலாளியே ஒருநாள் ஏறி உட்கார்ந்தார். அவரையும் இறக்கினார். முதல் தடவை சரியாக வரவில்லை என்று ஏற்றி மறுபடியும் இறக்கினார். சாயங்காலம் முதலாளி அவரை இறக்கினார். அதன்பிறகு ஏற்றவே இல்லை.

வேலை போனதே தவிர விசில் போகவில்லை. கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார்.

கார்த்திகை தீபத்தை ஒட்டி எங்கள் வியாபாரிகள் சங்கம் ஆண்டுதோறும் பொருட்காட்சி நடத்தும். ஊருக்கு ஓரமாக ஒரு பொட்டலில் தகரக் கொட்டகைகள் போட்டு, குழல் விளக்கு கட்டி, ஒலிபெருக்கியை அலற விடுவோம். ஓல்டானை முதலில் வாசல் காவலுக்குத்தான் வைத்தார்கள். அங்கே நின்றபடி அவர் ஒரு பயங்கரத்தைப் பார்த்தார். கடை போட்டவர்கள் அத்தனை பேரும் கூட்டத்தைக் கண்டதும் விறைத்துப்போனார்கள். ஆரணிப் பட்டுக்காரர் தான் விரித்துக் காட்டிய புடவைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டார். பம்புசெட்டுக்காரர், விலை கேட்டவரிடம் "வணக்கம்" என்றார். மறுபடி கேட்டதற்கு மறுபடி வணக்கம் சொன்னார்.

ஓல்டான் நேராகச் சங்கத் தலைவரிடம் போனார். தலைவர் அரிசி மில் வைத்திருந்தவர், அதிகம் பேசாதவர்.

"தலைவரே, இவங்கள அப்படியே ஜனங்க மேல உட்டீங்கன்னா பாவம். தொறக்கறதுக்கு மொத நாளு இவங்கள என்கிட்ட உடுங்க. படறது எல்லாம் அன்னிக்கே பட்டுடட்டும்."

"இன்னாத்த படறது?"

"ஷாக்கு தலைவரே. மொத்தத்தையும் நான் குடுத்துடறேன். நாளைக்கு ஜனங்க குடுக்கறதுக்கு மிச்சம் இருக்கக் கூடாது."

இப்படிப் பிறந்ததுதான் ஒத்திகை நாள். அன்றைக்கு ஒரே சட்டம்: மைதானத்துக்குள் யார் வந்தாலும் அது ஓல்டான் அனுப்பிய வேஷம். வாடிக்கையாளராக நினைத்து வியாபாரம் செய்ய வேண்டும். "ரைட்" என்றால் ஆரம்பம். தப்புச் செய்தால் விசில், "ஓல்டான்!" அன்று ஒருநாள் மட்டும் மரியாதைக்கும் விடுமுறை. சாதாரண நாட்களில் என்னை "வாங்க தம்பி" என்பவர், ஒத்திகை என்று வந்துவிட்டால் தலைவரையே "நீ" என்பார்.

நான் அப்போது சங்கத்தில் துணைச் செயலாளர். சென்னையில் படித்துவிட்டு வந்தவன். முதல் ஒத்திகை நாளில் கண்ட காட்சியில் என் கையிலிருந்த தேநீர் முழுவதும் என் வேட்டியில் கொட்டியது. பக்கத்து மாட்டுச் சந்தையிலிருந்து ஒரு காளையை ஓட்டி வந்து எவர்சில்வர் கடைக்குள் விட்டிருந்தார். கடைக்காரர் பாத்திர அடுக்கின்மேல் ஏறி நின்று அலறினார்.

"யோவ், மாட்ட ஓட்டுய்யா!"

"ஓல்டான்! கஸ்டமர 'மாடு'ன்னு சொல்லலாமா?"

"அது மாடுதான்யா!"

"தீபத்துக்கு வர்ற கூட்டம் மாட்டோடதான் வரும். மாட்டுக்காரன் அண்டா வாங்கறானா இல்லியா? மாட்டுக்கு ஒரு வாய் தண்ணி குடு, அவனுக்கு ஒரு அண்டா குடு. மறுபடி. ரைட்!"

ஆரணிப் பட்டுக்காரரிடம் அவரே மாப்பிள்ளையின் அம்மாவாக வந்தார். கண்டாங்கிச் சேலை, தலை நிறைய கனகாம்பரம், அதற்குக் கீழே முறுக்கிய மீசை. "இந்தக் கலரு எம் மருமவளுக்கு எடுக்காதே நைனா," என்று முகவாயில் விரலை வைத்ததும் பட்டுக்காரர் சிரித்துவிட்டார். விசில் மைதானத்தைப் பிளந்தது. "சம்பந்தி அம்மாவப் பாத்துச் சிரிச்ச. கல்யாணமே நின்னுபோச்சு. ரெண்டு குடும்பம் இப்ப கோர்ட்டுல நிக்குது. மறுபடி!"

பம்புசெட்டுக்காரரிடம் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரை அனுப்பினார். பம்புசெட்டுக்காரர் மனப்பாடம் செய்திருந்த ஆங்கிலத்தையெல்லாம் வியர்க்க வியர்க்க ஒப்பித்தார். முழுதும் கேட்டுவிட்டு வெள்ளைக்காரர், "எத்தினி குதிரைத்திறன் அண்ணே?" என்றார். பம்புசெட்டுக்காரர் மெல்லச் சரிந்து பம்புசெட்டின்மேலேயே உட்கார்ந்தார்.

பிரஷர் குக்கர் செய்முறை காட்டிய அம்மாள் முன்னால் ஓல்டானே மயங்கி விழுந்ததுதான் உச்சம். நிஜமாகவே விழுந்தார் என்று நம்பி அந்த அம்மாள் குக்கரை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடினார். பிணமாகக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஓல்டான்! ஒருத்தன் செத்தான்னு குக்கர உட்டுட்டு ஓடுனா, அது வெடிச்சு இன்னும் நாலு பேரு சாவான். மொதல்ல அடுப்ப அணை. அப்பால அழு."

எல்லாமே சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அரைப் பைத்தியக்காரத்தனம் அதில் கலந்திருந்தது. காளை மிதித்து நசுங்கிய அண்டாவை யாரும் வாங்கவில்லை. ஆனால் கோபத்தோடு வருகிறவர்களைச் சமாளிக்க அவர் சொல்லிக்கொடுத்த இரண்டு பாடங்களை எல்லோரும் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்று: "கத்தறவன் வாய்க்கு வேல குடு." அப்பளக்காரர் இதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார். இன்னொன்று: "தகராறு முத்திச்சுன்னா நீ கொரல ஒசத்தாத. மரியாதையா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, காணாமப் போன புள்ளைங்க கொட்டாயில உக்கார வெச்சுடு. அங்க மிட்டாய் இருக்குது."

இந்தக் கொட்டகை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளை அங்கே உட்காரவைத்து, மைக்கில் அறிவிப்போம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே "துணைச் செயலாளர்" என்று அச்சாகிவிட்டது. அந்த வேலை எனக்கு நிரந்தரமா இல்லையா என்று பொருட்காட்சி முடிந்ததும் சங்கம் முடிவுசெய்ய வேண்டும். ஒத்திகை நாள் காலையில் அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். அப்போது எங்கள் ஊருக்கு மாவட்டத் தலைநகர் வேலூர். அங்கிருந்து ஒரு அதிகாரி பிற்பகலில் மைதானத்தைப் பார்க்க வருகிறார், அவர் பார்த்துச் சரி என்றால்தான் மறுநாள் திறக்கலாம் என்றார்கள். "சரிங்க சார்" என்று வைத்தேன். இதை ஓல்டானிடமும் தலைவரிடமும் சொல்ல வேண்டும்.

நான் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு படத்துக்குக் கடைசி நாள். மேட்னிக்குப் போய்விட்டேன். மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. இடைவேளையில் ஞாபகம் வந்தது. வந்தால் படம் விட்ட பிறகுதான் வருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முறுக்கு வாங்கித் தின்றுவிட்டு உள்ளே போனேன்.

அதே நாளில், அதே மைதானத்தில், ஓல்டான் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொல்லியிருக்கிறார். "இன்னிக்கு ஒரு ஆபீசரு வருவாரு. டூப்பு. கடைய மூடுன்னு மெரட்டுவாரு. எவனும் பயப்படக் கூடாது." போளூரிலிருந்து ஒரு நாடக நடிகரை அதற்கு ஏற்பாடு செய்திருந்தார். அந்த நடிகர் பஸ்ஸைத் தவறவிட்டார். ஆளைக் காணோமே என்று பதறி ஓல்டான் பஸ் நிலையத்துக்குப் போன நேரத்தில், நிஜ அதிகாரி உள்ளே நுழைந்தார்.

பிறகு ஒவ்வொருவரும் சொன்னதைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

"நான் வேலூர்லேர்ந்து வரேன். இங்க யாரு இன்சார்ஜ்?"

"வாங்க வாங்க," என்றார் எவர்சில்வர்காரர். "காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்கோம். பஸ்ஸு லேட்டா?"

"பஸ்ஸா? நான் ஜீப்புல வந்தேன்யா."

"ஜீப்பு வேறயா! இந்த வருஷம் ஓல்டான் செலவு ஜாஸ்தி பண்ணிட்டாரு."

அதிகாரி குரலை உயர்த்தினார். கம்பி தொங்குகிறது, தீயணைக்க மணல் வாளி இல்லை, எல்லாக் கடையையும் மூடச் சொல்லிவிடுவேன் என்றார். ஆரணிப் பட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ரசித்துக் கேட்டார்.

"கொரல் நல்லா கீது சார். ஆனா நெஜ ஆபீசரு இவ்ளோ கத்த மாட்டாரு. மெதுவாதான் பேசுவாரு, நமக்கு வயித்தக் கலக்கும். கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

அவர் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். "அட்டை கூட அடிச்சிட்டாங்கப்பா!" என்று அது கைக்குக் கை மாறிப் போய், அப்பளக்காரரிடமிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு திரும்பியது. அதிகாரி உச்சக் குரலில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பளக்காரருக்குப் பாடம் ஞாபகம் வந்தது. முறத்தளவு அப்பளம் ஒன்றை மடித்து அந்த வாய்க்குள் வைத்துவிட்டார்.

நான் படம் விட்டு மைதான வாசலுக்கு வந்தபோது ஒலிபெருக்கி கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தது:

"காணாமல் போன பெரியவர் ஒருவர், நமது கொட்டகையில் பத்திரமாக இருக்கிறார். பழுப்பு நிற சபாரி உடை. தன்னை வேலூர் ஆபீசர் என்று சொல்லிக்கொள்கிறார். உரியவர்கள் வந்து அழைத்துச் செல்லவும்."

கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். குக்கர் அம்மாள் அவர் கையில் மிட்டாயைத் திணித்துக்கொண்டிருந்தார். "அழக் கூடாது சார். இப்ப வந்துடுவாங்க." அதிகாரியின் சட்டை முழுக்க அப்பளத் தூள். அவர் கத்துவதை நிறுத்தியிருந்தார். பட்டுக்காரர் சொன்னது சரிதான். நிஜ அதிகாரி மெதுவாகப் பேசினார், எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சங்க அறையில் விசாரணை நடந்தது. மேஜைக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்தில் தலைவர், வேர்த்துப்போய். எதிரே நானும், பஸ் நிலையத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த ஓல்டானும்.

"நான் வரேன்னு காலையில போன் வந்துதா?"

"வந்தது சார்," என்றேன்.

"ஒத்திகை நடத்துறவர்கிட்ட சொன்னீங்களா?"

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே அழைப்பிதழ் தெரிந்தது, அதில் அச்சான பதவி தெரிந்தது.

"சொன்னேன் சார். காலையிலேயே சொல்லிட்டேன்."

ஓல்டான் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல. என் மெல்லிய சட்டைப் பையை. உள்ளே இருந்த, பாதி கிழித்த சினிமா டிக்கெட் வெளியே தெரிந்தது. கண்டக்டரின் கண் எங்கிருந்தாலும் டிக்கெட்டைக் கண்டுபிடித்துவிடும். அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார் என்று எனக்குப் புரிந்தது. இப்போது விசில் வரும், "ஓல்டான்!" என்று கத்துவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்க சார்," என்றார். "தம்பி சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்."

ஆயுளில் எனக்கு எத்தனையோ அதிர்ச்சிகள் வந்திருக்கின்றன. எதுவும் அந்த அளவுக்கு என்னை உலுக்கியதில்லை. இனி அந்த மைதானத்தில் ஓல்டான் கால் வைக்கக் கூடாது என்றார் அதிகாரி. கம்பியைக் கட்டி மணல் வாளி வைத்ததும், சட்டையைத் தட்டிக்கொண்டு அனுமதி கொடுத்தார். கல்யாணத்துக்கு ஓல்டான் வந்தார். மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பந்தி பரிமாறியவன் ரசத்துக்கு முன்னால் மோர் கொண்டுவந்தபோதுகூட விசிலை எடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொருட்காட்சி முடிந்ததும் என் வேலை நிரந்தரமாயிற்று. மறு வருஷம் ஒத்திகை நாள் என் பொறுப்பு. ஒரு மண்டபத்தில் நாற்காலி போட்டு, "வாடிக்கையாளர் மனநிலை" பற்றி உரை நிகழ்த்தினேன். பம்புசெட்டுக்காரரின் குறட்டை அவருடைய பம்புசெட்டைவிடச் சத்தமாக இருந்தது. மறுநாள் கூட்டம் உள்ளே வந்ததும், புதிதாக வந்த பொம்மைக் கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்.

அதற்கடுத்த வருஷம் அதிகாரி மாறிப்போனார். "ஓல்டானக் கூப்பிடு," என்றார் தலைவர்.

பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில்தான் அவர் எப்போதும் இருப்பார். எதிரே போய் நின்றேன்.

"வாங்க தம்பி. டீ சொல்லட்டா?"

"நான் உங்களுக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன். அதுக்கு வருத்தப்படறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கை கழுத்துக்குப் போயிற்று. நிலையத்தில் கிளம்பிக்கொண்டிருந்த இரண்டு பஸ்கள் நிற்கும்படி விசில் அடித்தார்.

"ஓல்டான்! மன்னிப்பு கேக்கற மூஞ்சியா இது? ரேஷன் கடையில சக்கர கேக்கற மூஞ்சி. கைய கட்டாத. கண்ணப் பாத்துச் சொல்லு. மறுபடி. ரைட்!"

மறுபடி சொன்னேன். தேநீர்க் கடைக்காரர் அடுப்பை விட்டு வந்து நின்றார்.

"ஓல்டான்! 'ஒரு தப்பு'ன்னா? இன்னா தப்பு? பேரு இல்லியா அதுக்கு? மறுபடி!"

"பொய் சொன்னேன். உங்ககிட்ட சொல்லாமலே சொன்னதா பொய் சொன்னேன்."

"டிக்கெட்ட உட்டுட்ட. அத யாரு சொல்லுவா? மறுபடி!"

சினிமாவைச் சொன்னேன். இடைவேளையில் ஞாபகம் வந்ததைச் சொன்னேன். கேட்காமலே முறுக்கையும் சொன்னேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"ம். தேறிட்ட," என்றார். "ஆனா இது ஒத்திகைதான். நெஜத்த அங்க வந்து சொல்லு."

சொன்னேன். ஒத்திகை நாள் காலை, எல்லாக் கடைக்காரர்களும் கூடியிருக்க, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் வந்திருந்தேன். சொல்லி முடித்ததும் மைதானமே கைதட்டியது.

"சூப்பர் சார்!" என்றார் எவர்சில்வர்காரர். "ஓல்டான் வந்ததும் வராததுமா மொத ஷாக்க உங்க மூலியமா குடுத்துட்டாரு!"

"இல்லப்பா. மெய்யாலுமே நடந்தது."

"அழுகை நல்லா வருது," என்றார் ஆரணிப் பட்டுக்காரர். "கொஞ்சம் கம்மி பண்ணுங்க, அப்பதான் நம்புவாங்க."

"ஐயோ, இது நடிப்பு இல்லைங்க!" என்று கத்தினேன். கத்தியது தப்பு. அப்பளக்காரர் என் வாய்க்கு வேலை கொடுத்தார். குக்கர் அம்மாள் மரியாதையாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கொட்டகையில் சின்னப் பெஞ்சில் உட்காரவைத்து மிட்டாய் கொடுத்தார். தலைவரைப் பார்த்தேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் பாவத்தை மன்னிப்பதற்கும் தண்டிப்பதற்கும் அந்த ஊரில் ஒரு ஆள்கூட இல்லாமல் போயிற்று. வேலையும் போகவில்லை, அதிலேயே ஓய்வும் பெற்றேன். ஓல்டான் உயிரோடு இருந்தவரை ஒத்திகை நாள் அவருடையதாகவே இருந்தது. நான் நடந்ததை எடுக்கும் ஒவ்வொரு தடவையும், "ஆமா ஆமா, அந்த வருஷம் பிரமாதமா நடிச்சீங்க," என்றுதான் ஊர் சொன்னது. அதனால்தான் இத்தனை வயதில் இதை அச்சில் போடுகிறேன்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்று பாக்கி. நான் மைக்கில் பேசிய நேரம் முழுக்க ஓல்டான் எதிரேயே நின்றார். சொற்கள் குழறின, இரண்டு இடத்தில் முன்னுக்குப் பின் சொன்னேன். எவர் செய்தாலும் அவர் நிறுத்தாத காட்சி கிடையாது. இதை நிறுத்தவில்லை. விசிலைத் தொடக்கூட இல்லை.

அப்பளத்தை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நான் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கி குஷியாகச் சொன்னது: "காணாமல் போன தம்பி ஒருவர், எம்.ஏ. படித்தவர், அழுதுகொண்டிருக்கிறார். உரியவர்கள் வந்து அழைத்துச் செல்லவும்."

வாசலில் நிழல் விழுந்தது. ஓல்டான் குனிந்து உள்ளே வந்து, என் சட்டையில் இருந்த அப்பளத் தூளைத் தட்டிவிட்டார்.

"இவரு நம்ம புள்ளதாம்மா," என்றார் குக்கர் அம்மாளிடம். "நான் கூட்டிட்டுப் போறேன். வாங்க தம்பி."